ஓடியாடிய நிமிடங்களை எண்ணுவது எப்படி? 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் அன்றாட உடலியக்கத்தை அளக்க ஒரு முழு வழிகாட்டி

"நேற்று சாயங்காலம் எவ்வளவு நேரம் விளையாடினாய்?"

"ரெண்டு மணி நேரம், சார்."

"மணி அடித்ததும் முதலில் என்ன செய்தாய்?"

"பையை வச்சிட்டு கிரவுண்டுக்குப் போனோம். ஆள் சேரக் கொஞ்ச நேரம் ஆச்சு."

"அப்புறம்?"

"டீம் பிரிச்சோம். நான் அஞ்சாவது பேட்டிங். அதுவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். இறங்கினதும் மூணாவது பால்லயே அவுட். அப்புறம் ஃபீல்டிங். பந்து என் பக்கம் அதிகமா வரலை, சார்."

பையன் பொய் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் மைதானத்தில்தான் இருந்தான். ஆனால் மூச்சு வாங்க ஓடியது இருபது நிமிடம் இருந்தால் அதிகம். "விளையாடிய நேரம்" வேறு, "உடம்பு இயங்கிய நேரம்" வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் பாதி அளவீடுகள் தடுக்கி விழுகின்றன. இந்த வயதுப் பிள்ளைகளை அளக்கப் போகும் ஆசிரியர், ஆய்வு மாணவர், பயிற்சியாளர், அக்கறையுள்ள பெற்றோர் ஆகியோருக்கு, தொடக்கம் முதல் கணக்கு முடியும் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

கருவி வாங்குவதற்கு முன்னால் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "நான் தெரிந்துகொள்ள விரும்புவது..." இந்த வாக்கியத்தை முடிக்க முடியாவிட்டால் அளவீட்டைத் தள்ளிப் போடுங்கள்.

"என் வகுப்பில் எத்தனை பேர் போதுமான அளவு இயங்குகிறார்கள்?" என்பது ஒரு கேள்வி. "புதிதாகத் தொடங்கிய மாலை விளையாட்டால் ஏதாவது மாறியதா?" என்பது இன்னொன்று. "என் மகள் ஒரு நாளில் எப்போது ஓடியாடுகிறாள், எப்போது முடங்கிவிடுகிறாள்?" என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு நிமிடக் கணக்கு வேண்டும். இரண்டாவதற்கு, ஒரே முறையில் முன்னும் பின்னும் அளந்தால் போதும். எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் மாற்றம் தெரியும். மூன்றாவதற்கு நேரவாரியான பதிவு வேண்டும். நாள் முடிவில் மொத்த அடிக் கணக்கை மட்டும் காட்டும் கருவி அதற்கு உதவாது.

"போதுமான அளவு" என்றால் என்ன? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சொல்வது இது: வாரம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மிதமானது முதல் தீவிரமானது வரையிலான இயக்கம். அதோடு வாரத்தில் குறைந்தது 3 நாள், தீவிரமான இயக்கமும் தசை, எலும்புகளை வலுப்படுத்தும் இயக்கமும் இருக்க வேண்டும். இதில் "சராசரியாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2010-ல் வந்த முந்தைய வழிகாட்டுதல் "தினமும் குறைந்தது 60 நிமிடம்" என்றது. ஒரே பிள்ளை ஒரு கணக்கில் தேறும், மற்றொன்றில் தோற்கும். எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள், எண்களைப் பார்த்த பிறகு வேண்டாம்.

மிதம், தீவிரம் என்பதைக் கருவி இல்லாமலும் சொல்லிவிடலாம். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்றால் மிதம். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது என்றால் தீவிரம். பிள்ளைகளுக்கு இதை ஒரு முறை ஓடவிட்டுக் காட்டினால் போதும், மறக்கவே மாட்டார்கள்.

உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் அளக்கப் போகிறீர்களா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். அது தனிக் கணக்கு. ஒரு மணி நேரம் பந்தாடிவிட்டு மீதி நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைகள் ஏராளம்.

படி 2: இந்த வயதின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரியவர்கள் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் நடப்போம். பிள்ளைகள் அப்படி இல்லை. பாய்வார்கள், நிற்பார்கள், தரையில் உட்கார்வார்கள், மறுபடி பாய்வார்கள். 1995-ல் வெளியான ஒரு ஆய்வில், 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 3 விநாடிக்கு ஒரு முறை குறித்துக்கொண்டார்கள். தீவிரமான ஓட்டம் ஒவ்வொன்றும் நீடித்த நேரத்தின் இடைநிலை அளவு வெறும் 3 விநாடி! பத்து வயதைத் தாண்டும்போது ஓட்டங்கள் கொஞ்சம் நீளும். ஆனால் விட்டு விட்டு இயங்கும் குணம் சட்டென்று போய்விடாது. கருவியை அமைக்கும்போது இதற்குத் திரும்ப வருவோம்.

அடுத்தது உடல் வளர்ச்சி. சராசரியாகப் பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் வேகமாக உயரம் போடுகிறார்கள். ஏழாம் வகுப்பு பெஞ்சு ஒன்றில் அக்கா போல ஒருத்தியும் தங்கை போல ஒருத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்; இருவருக்கும் ஒரே வயது. கால் நீளம் மாறினால் அதே தூரத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையும் மாறும். அதனால் "வயது 12" என்று மட்டும் எழுதாமல் பிறந்த தேதியையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது ஆய்வுக்குத் தேவை இல்லையென்றால் எடுக்காதீர்கள். தேவையென்றால் திரைக்குப் பின்னால், ஒருவர் ஒருவராக, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எடுங்கள். வகுப்பு நடுவில் உரக்கப் படித்த ஒரு எண் வருடக்கணக்கில் ஒரு பிள்ளையின் மனதில் தங்கிவிடும்.

படி 3: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் அளக்கும் கருவி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குருட்டு மூலை உண்டு. எந்த மூலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

ஆற்றல் செலவை அளப்பதில் உரைகல் என்று மதிக்கப்படுவது "இருமுறை குறியிட்ட நீர்" முறை. டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18-உம் (ஹைட்ரஜன், ஆக்சிஜன் இவற்றின் கனமான வகைகள்) கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீர் மாதிரிகளைச் சோதித்து, மொத்தம் எவ்வளவு ஆற்றல் செலவானது என்று கணக்கிடுவார்கள். ஆனால் எந்த நாளில், எந்த மணியில் ஓடினான் என்பதை அது சொல்லாது. செலவும் அதிகம். நமக்கு அது வேண்டாம்.

நேரில் பார்த்துக் குறிப்பது இன்னொரு வழி. உடற்கல்வி வகுப்புக்கு "சோஃபிட்" என்ற முறை இருக்கிறது: 10 விநாடி ஒரு பிள்ளையைப் பார், அடுத்த 10 விநாடியில் குறித்துக்கொள். படுத்திருக்கிறான், உட்கார்ந்திருக்கிறான், நிற்கிறான், நடக்கிறான், அதைவிட வேகமாக இயங்குகிறான் என்று ஐந்தே குறிகள். ஒரு வகுப்பு நேரத்தை அளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முழு நாளுக்கு ஆகாது, யாரும் நாள் முழுக்க ஒரு பிள்ளையின் பின்னாலேயே சுற்ற முடியாதே.

இதயத் துடிப்பைப் பார்க்கும் கருவிகளும் உண்டு. பரீட்சை பயத்திலும் துடிப்பு ஏறும், வெயிலிலும் ஏறும், காய்ச்சலிலும் ஏறும். "220-லிருந்து வயதைக் கழி" என்ற சூத்திரம் இந்த வயதுக்குப் பொருந்தாது. வளரும் பருவத்தில் உச்சத் துடிப்பு 200-ஐ ஒட்டியே நிற்கும், ஆண்டுக்கு ஒன்றாகக் குறைவதில்லை. சைக்கிள், நீச்சல் போன்றவற்றுக்குத் துணைக் கருவியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மீதி இருப்பவை மூன்று: கேட்டு எழுதுவது, அடி எண்ணுவது, உடம்பின் அசைவைப் பதியும் ஆக்சிலரோமீட்டர். பெரும்பாலோர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். முடிந்தால் இரண்டைச் சேர்த்து எடுங்கள்: எவ்வளவு என்பதைக் கருவி சொல்லட்டும், என்ன செய்தாய், யாரோடு, எங்கே என்பதைப் பிள்ளை சொல்லட்டும்.

படி 4: கேட்டு அறிவதானால்

மலிவான வழி, ஆயிரம் பேரிடமும் கேட்கலாம். ஆனால் கேள்வியின் சொற்கள் கொஞ்சம் பிசகினாலும் மொத்த முயற்சியும் வீண்.

தமிழில் கேட்கும்போது வரும் சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். "உடற்பயிற்சி செய்தாயா?" என்று கேட்டால், தண்டால் எடுப்பது மட்டும்தான் உடற்பயிற்சி என்று நினைத்து "இல்லை" என்பார்கள். நாலு மாடி ஏறி இறங்கியது, தம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தது, வீடு கூட்டியது எல்லாம் கணக்கில் வராது. சரி என்று "விளையாடினாயா?" என்று மாற்றினால், செல்போனில் விளையாடியதும் கேரம் ஆடியதும் உள்ளே வந்துவிடும். "ஓடியாடி" என்ற சொல் இங்கே கைகொடுக்கிறது. "மூச்சு வாங்கும்படி, வியர்க்கும்படி, நெஞ்சு வேகமாக அடிக்கும்படி ஓடியாடி ஏதாவது செய்தாயா? வேகமாக நடந்தது, சைக்கிள் மிதித்தது, வீட்டு வேலை எல்லாம் சேர்த்துச் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வரும்.

பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நேரத்தை நினைவில் வைத்துச் சொல்வது கடினம். 10 முதல் 14 வயதுக்காரர்களுக்கும் "கடந்த ஒரு மாதத்தில்" என்பது வெகு தூரம். கடந்த 7 நாள் வரை கேட்கலாம். நேற்று என்றால் இன்னும் நல்லது.

தயாராக இருக்கும் வினாத்தாள்களில் மூன்றைச் சொல்கிறேன்.

மிகச் சுருக்கமானது ஒரே கேள்வி: "கடந்த 7 நாளில், மொத்தம் 60 நிமிடமாவது ஓடியாடி இயங்கிய நாட்கள் எத்தனை?" பதில் 0 முதல் 7 வரை. உலகளாவிய பள்ளி மாணவர் கணக்கெடுப்புகளில் இந்த மாதிரிக் கேள்விதான் இருக்கிறது. 146 நாடுகளைச் சேர்ந்த 11 முதல் 17 வயதுப் பள்ளி மாணவர்கள் 16 லட்சம் பேரின் தரவைத் திரட்டி, 2016-ல் 81 சதவீதம் பேர் போதிய அளவு இயங்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சொன்னதும் இப்படிக் கேட்டு வாங்கிய பதில்களை வைத்துத்தான். பெண் பிள்ளைகளில் இது 84.7 சதவீதம், ஆண் பிள்ளைகளில் 77.6. பெரிய கூட்டத்தின் நிலையைப் பார்க்க இந்தக் கேள்வி போதும், ஒரு தனிப் பிள்ளையை எடைபோடப் போதாது.

இரண்டாவது, பி.ஏ.க்யூ-சி என்ற வினாத்தாள். 8 முதல் 14 வயதுக்கு. கடந்த 7 நாளைப் பற்றி மதிப்பெண் உள்ள 9 கேள்விகள்: உடற்கல்வி வகுப்பு, இடைவேளை, மதிய உணவு நேரம், பள்ளி விட்ட உடனே, மாலை, வாரக் கடைசி என்று நாளைத் துண்டு துண்டாக்கிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண், எல்லாவற்றின் சராசரிதான் விடை. உடம்பு சரியில்லாமல் போனதா என்று கடைசியில் ஒரு கேள்வி இருக்கும். அதற்கு மதிப்பெண் இல்லை, ஆனால் அதைப் படிக்காமல் விடாதீர்கள். இந்த வினாத்தாள் நிமிடக் கணக்கு தராது. 3.2 என்று விடை வந்தால் அது எத்தனை நிமிடம் என்று மாற்ற முயலாதீர்கள். ஒருவரை இன்னொருவரோடும், ஒரு குழுவை அதே குழுவின் பழைய நிலையோடும் ஒப்பிட மட்டுமே அது.

மூன்றாவது, முந்தைய நாளை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் என்ன செய்தாய், எவ்வளவு மூச்சு வாங்கியது என்று நிரப்பச் சொல்வது. எனக்கு இதுதான் பிடிக்கும். தொடக்கத்தில் வந்த கிரிக்கெட் பையனின் உரையாடல் இந்த முறைதான். மொத்தமாகக் கேட்டால் "ரெண்டு மணி நேரம்" என்பவன், கட்டம் கட்டமாகக் கேட்டால் தானே உட்கார்ந்திருந்த நேரத்தைக் கழித்துவிடுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாடு, மணி அடித்தது, இருட்டியது என்று நினைவுக் கொக்கிகளைப் போட்டுக் கேளுங்கள். "அப்புறம்?" என்பது இந்த வேலையில் மிகவும் பயனுள்ள கேள்வி.

மொழிபெயர்த்த வினாத்தாளானால், முதலில் ஐந்தாறு பிள்ளைகளை வைத்து உரக்கப் படிக்கச் சொல்லி, "இந்த வரிக்கு நீ என்ன புரிந்துகொண்டாய்?" என்று கேளுங்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் பதில்கள் கொஞ்சம் வீங்கும். உடற்கல்வி ஆசிரியர் நின்றால் நன்றாகவே வீங்கும்.

படி 5: அடி எண்ணியானால்

பெடோமீட்டர் எளிமையானது. இடுப்புப் பட்டையில், தொடையின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே மாட்ட வேண்டும். தளர்ந்த எலாஸ்டிக்கில் மாட்டினால் சாய்ந்துபோய் அடிகளை விட்டுவிடும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு 100 அடி எண்ணி நடந்து பாருங்கள். 95-க்குக் குறைவாகவோ 105-க்கு அதிகமாகவோ காட்டுவதை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஊரெல்லாம் சொல்லும் 10,000 அடி, 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணியின் விளம்பரப் பெயரிலிருந்து பரவியது. வளரிளம் பருவத்தினருக்கு, 60 நிமிட மித-தீவிர இயக்கத்தோடு பொருந்திப் போவது நாளுக்கு ஏறத்தாழ 10,000 முதல் 11,700 அடி என்று 2011-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். நம் 10 வயதுக்காரர்கள் இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் நிற்பதால், அடிக்கணக்கை வைத்து "தேறினான், தேறவில்லை" என்று முத்திரை குத்துவதை நான் தவிர்ப்பேன்.

திரை தெரிந்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். கையில் பிடித்து ஆட்டுவார்கள், போட்டி போடுவார்கள். ஒட்டுத்தாளால் திரையை மூடி ஒட்டிவிட்டு, காலையில் நீங்களே திறந்து பார்த்து எழுதுங்கள். சைக்கிளும் நீச்சலும் இதில் விழாது.

படி 6: ஆக்சிலரோமீட்டரானால்

தீப்பெட்டி அளவுள்ள பெட்டி. உடம்பின் அசைவு வேகம் எப்படி மாறுகிறது என்பதை விநாடிக்குப் பல முறை பதிவு செய்யும். ஆக்டிகிராஃப், ஜீனியாக்டிவ், ஆக்ஸிவிட்டி போன்றவை ஆய்வுகளில் அதிகம் புழங்குகின்றன. எல்லாவற்றையும் பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு முடிவுகளை நீங்கள்தான் எடுக்க வேண்டும். அந்த நான்கும் சேர்ந்துதான் விடையை உருவாக்குகின்றன.

எங்கே அணிவது? இடுப்பில் அணிந்தால் நடை, ஓட்டம் நன்றாகப் பதியும். மணிக்கட்டில் அணிந்தால் பிள்ளைகள் கழற்றாமல் வைத்திருப்பார்கள், தூக்கத்தையும் அளக்கலாம்; ஆனால் உட்கார்ந்தபடி கையை ஆட்டிப் பேசுவதும் கொஞ்சம் இயக்கமாகத் தெரியும். அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு 2003 முதல் 2006 வரை இடுப்பில் கட்டியது. 2011-ல் மணிக்கட்டுக்கு மாறியது. பிள்ளைகள் கழற்றி வைத்துவிடும் தொல்லைக்கு மணிக்கட்டு நல்ல மருந்து. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லோருக்கும் அதையே வையுங்கள். மிதம், தீவிரம் என்று பிரிக்க இடுப்புக்கு வகுத்த எல்லைகளை மணிக்கட்டு எண்களுக்குப் போட்டால் எல்லோரும் ஓட்டப்பந்தய வீரர்களாகிவிடுவார்கள்.

அடுத்தது நேரத்துண்டு. கருவியின் பதிவை எத்தனை விநாடிக்கு ஒரு முறை கூட்டுவது? இங்கேதான் அந்த 3 விநாடி ஓட்டம் திரும்ப வருகிறது. ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறுமி தொட்டுப்பிடித்து ஆடுகிறாள். இடுப்பில் உள்ள ஆக்டிகிராஃப், அசைவின் அளவை எண்ணாக்கி 15 விநாடிக்கு ஒரு முறை இப்படிக் காட்டுகிறது என்று வையுங்கள்: 1,300, 40, 610, 20. பிள்ளைகளுக்குப் பரவலாகப் பயன்படும், எவன்சன் என்ற ஆய்வாளரின் பெயரால் வழங்கும் எல்லைகளின்படி, 15 விநாடியில் 25 வரை அசைவின்மை, 26 முதல் 573 வரை லேசான இயக்கம், 574 முதல் மிதம், 1,003 முதல் தீவிரம். ஆக முதல் துண்டு தீவிரம், மூன்றாவது மிதம்; மொத்தம் 30 விநாடி கணக்கில் சேர்கிறது. இதையே ஒரு நிமிடத் துண்டாகக் கூட்டினால் 1,970. ஒரு நிமிடத்துக்கு மித எல்லை 2,296. அவளுடைய ஓட்டம் முழுவதும் "லேசான இயக்கம்" ஆகிவிட்டது, கணக்கில் பூஜ்ஜியம். எதிர்த்திசையிலும் நடக்கும்: 2,100, 150, 100, 50 என்று வந்தால் கூட்டுத்தொகை 2,400, 15 விநாடி பாய்ச்சலுக்கு ஒரு முழு நிமிடம் பரிசாகக் கிடைத்துவிடும். இந்த வயதுக்கு 15 விநாடியோ அதற்குக் குறைவோதான் சரி. பெரியவர்களுக்காக எழுதிய மென்பொருளில் 60 என்று முன்கூட்டியே அமைந்திருக்கும். மாற்ற மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, எல்லைக்கோடு. மேலே சொன்ன எவன்சன் எல்லைகள் 2008-ல் வந்தவை. 2011-ல் ஐந்து வகை எல்லைகளை 5 முதல் 15 வயது வரை உள்ளவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எல்லா இயக்க நிலைகளையும் ஓரளவு சரியாகப் பிரித்தது எவன்சன்தான் என்று கண்டார்கள். வேறு எல்லைகளை எடுத்தால் அதே தரவிலிருந்து நிமிடங்கள் பாதியாகலாம், இரட்டிப்பாகவும் ஆகலாம். அதனால் இரண்டு ஆய்வுகளின் எண்களை ஒப்பிடும் முன் எந்த எல்லை, எந்தக் கருவி, எந்த இடம் என்று பார்ப்பது கட்டாயம். பெரியவர்களுக்கான எல்லையை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

நான்காவது, அணியாத நேரம். தொடர்ந்து பூஜ்ஜியமாக இருந்தால் கருவி மேசையில் கிடக்கிறது என்று பொருள். எவ்வளவு நேரம் பூஜ்ஜியம் இருந்தால் அப்படிக் கொள்வது? 20 நிமிடம் என்று வைத்தால், அசையாமல் படம் பார்த்த பிள்ளையையும் "அணியவில்லை" என்று தள்ளிவிடுவீர்கள். 90 நிமிடம் என்றால், குளிக்கக் கழற்றி வைத்ததை "உட்கார்ந்திருந்தாள்" என்று எழுதுவீர்கள். 60 நிமிடம் என்பது நடுவழி. குறிப்பேடு கூடவே இருந்தால் சந்தேகம் குறையும்.

ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வீட்டில் ஒரு பிள்ளை தன் போக்கைத் தானே பார்த்துக்கொள்ள நல்லது. ஆய்வுக்கு எடுத்தால், "ஆக்டிவ் நிமிடம்" என்பதை நிறுவனம் எந்தச் சூத்திரத்தில் கணக்கிடுகிறது என்பது வெளியே தெரியாது. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அது மாறியும் போகலாம். அது காட்டும் கலோரியைக் கண்டுகொள்ளாதீர்கள். பிள்ளைகளின் உடம்பு ஓய்வில் இருக்கும்போதே, எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைவிட அதிக ஆற்றல் செலவழிக்கும். பெரியவர் கணக்கு அங்கே பொருந்தாது. கூடவே, கலோரி எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கும் வயது இது.

படி 7: ஒரு வாரத்தை நடத்துங்கள்

பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும். "அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அதனால் நீ கட்டித்தான் ஆக வேண்டும்" என்பது சம்மதம் ஆகாது. நடுவில் வேண்டாம் என்றால் கழற்றிக் கொடுத்துவிடலாம் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

7 நாள் அணியச் சொல்லுங்கள். பள்ளி நாளும் விடுமுறை நாளும் இரண்டு வேறு உலகங்கள், இரண்டும் வேண்டும். எத்தனை நாள் அளந்தால் ஒருவரின் வழக்கமான நிலை தெரியும் என்று 2000-ல் ஆராய்ந்தபோது, சின்ன வகுப்புகளுக்கு 4 முதல் 5 நாள் போதுமாக இருந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து மேலே 8, 9 நாள் தேவைப்பட்டது. வயது ஏற ஏற ஒரு நாளைப் போல மறுநாள் இருப்பதில்லை. நடைமுறையில் 7 நாள் கொடுத்து, குறைந்தது 4 நாள் தேறினால் ஏற்றுக்கொள்வதுதான் பரவலான வழக்கம்.

பரீட்சை வாரம், விளையாட்டு விழா வாரம், அடைமழை வாரம் வேண்டாம். கட்டிவிட்ட முதல் நாள் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகத் துள்ளுவார்கள். அதனால் சிலர் முதல் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் அந்தக் கட்சிதான்.

கருவியோடு ஒரு சின்னக் குறிப்பேடு கொடுங்கள். ஒரு நாளுக்கு நாலே வரி போதும்:

எழுந்து கட்டியது: காலை 6.40
கழற்றியது, ஏன்: மாலை 5.10, நீச்சல்
திரும்பக் கட்டியது: 6.20
படுக்கும்போது கழற்றியது: இரவு 9.30

அந்த "ஏன்" என்ற சொல்தான் முக்கியம். நீச்சல் என்று எழுதியிருந்தால் அந்த 70 நிமிடத்தில் ஒரு பங்கை இயக்கமாகக் கொள்ளலாமா என்று யோசிக்கலாம். எழுதாவிட்டால் அது வெறும் ஓட்டை. உடம்பு முட்டும் ஆட்டங்களில் காயம் படாமல் இருக்கக் கழற்றத்தான் வேண்டும், அதையும் எழுதச் சொல்லுங்கள். தினமும் காலையில் ஒரு நினைவூட்டல் போதும். நாளுக்கு மூன்று முறை கேட்டால் கருவி அலமாரிக்குப் போய்விடும்.

படி 8: தரவைச் சுத்தம் செய்து கணக்கிடுங்கள்

முதலில் கண்ணால் பாருங்கள். ஒரு முறை என்னிடம் திரும்பி வந்த கருவி ஒன்றில், ஞாயிறு காலை 10 மணியைத் தாண்டி 48 நிமிடம் ஒரே மாதிரியான இயக்கம் பதிந்திருந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, நடுநடுவே சீரான இடைவெளியில் சின்னச் சின்ன நிறுத்தங்கள். எந்தப் பிள்ளையும் அப்படி ஓடாது. விசாரித்தால், பாவாடைப் பட்டையோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார்கள்! கருவி பிழைத்துக்கொண்டது, அந்த நாள் பிழைக்கவில்லை. மென்பொருள் இதைத் தீவிர இயக்கம் என்றுதான் எழுதியிருந்தது.

பிறகு, அணிந்த நேரம் 10 மணி நேரத்துக்குக் குறைந்த நாட்களை நீக்குங்கள். மீதியை வைத்து ஒரு பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. பள்ளி நாட்களில் மித-தீவிர நிமிடங்கள் 72, 65, 38, 58, 81. இதில் 38 வந்த நாளில் 7 மணி நேரம்தான் அணிந்திருந்தாள், அது போகட்டும். விடுமுறை நாட்கள் 34, 26.

பள்ளி நாள் சராசரி: நாலு நாளின் கூட்டுத்தொகை 276, வகுத்தால் 69. விடுமுறைச் சராசரி 30. வாரத்தில் பள்ளி நாள் 5, விடுமுறை 2 என்பதால், 69-ஐ 5 ஆலும் 30-ஐ 2 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 405. 7 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 58 நிமிடம்.

இந்தப் பிள்ளை தேறினாளா? பள்ளி நாளை மட்டும் அளந்திருந்தால் 69, தாராளமாகத் தேறியிருப்பாள். வாரச் சராசரி 58, மயிரிழையில் நழுவிவிட்டாள். "தினமும் 60" என்று பார்த்தால் 6 நாளில் 3 நாள்தான். ஒரே இடுப்பு, ஒரே பெட்டி, மூன்று தீர்ப்புகள். படி 1-ல் முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான். இன்னொன்று: 58-க்கும் 60-க்கும் நடுவில் உள்ள 2 நிமிடம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். இந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தகுந்த செய்தி அந்த 2 நிமிடத்தில் இல்லை. பள்ளி இருக்கும் நாளில் 69, இல்லாத நாளில் 30 என்பதில் இருக்கிறது.

படி 9: எழுதுங்கள், திருப்பிக் கொடுங்கள்

அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே முறையையும் எழுதுங்கள். இப்படி ஒரு வரி போதும்: "இடுப்பில் அணிந்த கருவி, 15 விநாடித் துண்டு, எவன்சன் எல்லைகள், தொடர்ந்து 60 நிமிடம் பூஜ்ஜியமானால் அணியாத நேரம், 10 மணி நேரம் அணிந்தால் செல்லுபடியாகும் நாள், குறைந்தது 4 நாள், அதில் ஒன்றாவது விடுமுறை." எத்தனை பேருக்குக் கருவி கொடுத்தீர்கள், எத்தனை பேரின் தரவு தேறியது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். கழற்றி வைத்துவிட்டவர்கள் பெரும்பாலும் குறைவாக இயங்குபவர்களாக இருந்தால், உங்கள் சராசரி உண்மையைவிட அழகாகத் தெரியும்.

பிள்ளைகளுக்கு அவரவர் வரைபடத்தைத் தனியாகக் கொடுங்கள். பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். முதலில் வருபவன் ஏற்கெனவே ஓடுகிறவன், கடைசியில் வருபவளுக்கு ஓடாமல் இருக்க இன்னொரு காரணம் கிடைத்துவிடும். எண்ணைச் சொல்வதற்கு முன் கோட்டைக் காட்டி, "இந்த மேடு என்ன, இந்தப் பள்ளம் என்ன?" என்று கேளுங்கள். கருவிக்குத் தெரியாத பதில்கள் அப்போதுதான் வரும். எல்லா நாளும் மாலை ஐந்து மணிக்கு மேல் தட்டையாக இருந்த ஒரு பெண்ணைப் பற்றி, சோம்பல் என்று நான் மனதுக்குள் எழுதியே விட்டேன். டியூஷன் முடிந்து வருவதற்குள் இருட்டிவிடுகிறது, இருட்டினால் வெளியே விடமாட்டார்கள் என்றாள்.

மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். நிமிடங்களாக மாற்றிய பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டால், நாளைக்கு இன்னும் நல்ல எல்லைகள் வரும்போது திரும்பக் கணக்கிட வழி இருக்காது. பெயரை எடுத்துவிட்டு, ஒரு குறியீட்டு எண்ணோடு சேமியுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாளைத் தனியாகப் பூட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி அளப்பதாக இருந்தால் அதே மாதத்தில், அதே கருவியை, உடம்பில் அதே இடத்தில் கட்டுங்கள். வாஷிங் மெஷினில் போடக் கூடாது என்பதையும் குறிப்பேட்டின் அட்டையிலேயே கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள்.